பாதி இறங்கிய ஆணிகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

"செத்துப் போச்சு பிருந்தா இது!"

ஷெட்டிலிருந்து அவர் சத்தம் போட்டபோது நான் சேயோனுக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். என்னவோ ஏதோ என்று கிண்ணத்தோடு ஓடினேன். செத்துப்போனது ஆணி அடிக்கிற கன். அவ்வளவுதான்.

குழந்தை பிறந்ததிலிருந்து எனக்கு இப்படித்தான். கேஸ் மூடியிருக்கிறதா என்று திரும்பத் திரும்ப எழுந்து பார்க்கிறேன். தூங்குகிறவன் மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, "பயம் வந்தா எழுதி வெச்சுட்டுப் படு. நோட்டுல இருக்கறத நோட்டு பாத்துக்கும்" என்றார். அதனால்தான் இது. வீடு அடங்கின பிறகு சமையல் மேடையில் வைத்து எழுதுகிறேன்.

இன்றைய பயம் அந்தக் கன். என் கணவர் நந்தகோபால் பம்ப்செட் ஏற்றுமதிக்கு மரப்பெட்டி செய்கிறார். வீட்டின் பின்சுவரை ஒட்டியே தகர ஷெட். முன்னே கம்ப்ரஸரில் ஓடுகிற கன் இருந்தது. அது உறுமுகிற ஒவ்வொரு தடவையும் சேயோன் தூக்கத்தில் தூக்கிவாரிப் போட்டு அழுவான். நான்தான் சொல்லிச் சொல்லி இந்த பேட்டரி கன்னை வாங்க வைத்தேன். வயரும் இல்லை, உறுமலும் இல்லை. ஆனால் கனம். பிறந்தபோது சேயோன் இருந்ததைவிடக் கனம்.

இதற்கு முன்பக்கம் ஒரு இரும்பு மூக்கு உண்டு. மூக்கை மரத்தில் வைத்து நன்றாக அழுத்தினால்தான் விசை வேலை செய்யும். காற்றில் பிடித்து விசையை இழுத்தால் ஒன்றும் நடக்காது. அந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் நான் இதை வீட்டு எல்லைக்குள் விட்டேன். சேயோன் தவழ ஆரம்பித்துவிட்டான். அவன் தவழ்கிற திசை எப்போதும் ஷெட்தான்.

கூடவந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். கோளாறு, காரணம், செய்யவேண்டியது. எல்லாம் ஆங்கிலம். படித்துச் சொல்வது என் வேலை. அடிக்கவில்லையா? பேட்டரி தீர்ந்திருக்கும், ஆணி தீர்ந்திருக்கும், அல்லது மூக்கை முழுசாக அழுத்தியிருக்க மாட்டீர்கள். பேட்டரியை மாற்றினேன். அடித்தது.

"பாத்தீங்களா?" என்றேன்.

"இஞ்சினியரம்மா இருக்கறப்ப நமக்கென்ன கவலை?" என்றார் பொங்கியண்ணன். ஷெட்டில் எங்களுக்கு இருக்கிற ஒரே ஆள் அவர். அறுக்கிற வேலை அவருடையது, கிண்டலும் அவருடையது.

மாற்றுவதற்கு முன்னால் பழைய பேட்டரியில் சார்ஜ் காட்டுகிற இரண்டு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சேயோனுக்கு மேலே இரண்டாவது பல் வெட்டியிருக்கிறது. கன் மறுபடி அடிக்கவில்லை, பிறகு தானாக அடித்ததாம். ஆடிக் காற்றில் துணியெல்லாம் மரத்தூள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று ஆணி சிக்கிக்கொண்டது. "நீயே எடு" என்று கொண்டுவந்து சமையலறையில் வைத்துவிட்டுப் போனார்.

முதலில் பேட்டரியைக் கழற்று. இந்த வரியைப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கழற்றி, சேயோனுக்கு எட்டாமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். ஆணிச் சரத்தை வெளியே உருவினேன். ஆலன் கீயால் மூக்கின் மேல்மூடியைத் திறந்தால், உள்ளே ஒரு ஆணி கொக்கி மாதிரி வளைந்து கிடந்தது. கொறட்டால் எடுத்துப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தூளைத் தட்டி, மூடி மாட்டினேன். காலேஜில் நான்கு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படித்ததற்கு இன்றுதான் கைக்கு ஒரு வேலை கிடைத்தது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

சிக்கலுக்குக் காரணம் என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். ஆணி அளவு தப்பா? இல்லை. உள்ளே அழுக்கா? கொஞ்சம். மூக்கு சாய்ந்திருக்கும்போது அடித்தீர்களா? அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்டேன். "நான் என்ன நேத்தா தொழிலுக்கு வந்தேன்?" என்றார். பிறகு அவரே வந்து, "கோவிச்சுக்காதே" என்றார்.

ராத்திரி சோற்றுக்கு ஸ்பூன் கேட்டார். வலதுகை விரலில் மரச் சிலாம்பு ஏறியிருக்கிறதாம், குழம்பு பட்டால் எரிகிறதாம். ஊசியை நெருப்பில் காட்டி, விளக்கடியில் அவர் கையைப் பிடித்து நெடுநேரம் தேடினேன். ஒரு சிலாம்பும் தென்படவில்லை. ஆழமாகப் போயிருக்கும். செப்டிக் ஆகிவிடாமல் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

புதுக் கோளாறு. ஆணி முழுசாக இறங்குவதில்லை. தலை வெளியே நிற்கிறது. சில இடத்தில் ஒரே தடவைக்கு இரண்டு ஆணி, ஒன்றன்மேல் ஒன்று.

பொங்கியண்ணன் சுத்தியலோடு அவர் பின்னாலேயே போய், நிற்கிற தலைகளை எல்லாம் அடித்து இறக்குகிறார். "தம்பி நட்டுட்டுப் போறாப்ல, நான் தண்ணி ஊத்திட்டுப் போறேன்" என்கிறார்.

நான் ஆழத்துக்கான சக்கரத்தைத் திருகினேன். ஒரு துண்டுப் பலகையில் நானே அடித்துப் பார்த்தேன். மூக்கை வைத்து, உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொடுத்து, விசையை இழுத்தால் டப். தலை பலகையோடு பலகையாகப் படுத்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே.

"சரியாப் போச்சுங்க" என்று கொடுத்தேன். அவர் அடித்தார். பாதி நின்றது.

"அம்மணிக்குக் கைராசிங்" என்றார் பொங்கியண்ணன். என் கணவர் சிரிக்கவில்லை. நான் சக்கரத்தை இன்னும் ஒரு சுற்று திருகிக் கொடுத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று வந்துவிட்டேன். பால் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காட்டூரில் சர்வீஸ் செய்கிற கடைக்குப் போய்வந்தேன். பைக்கில் கூட்டிப்போகச் சொன்னேன், பிரேக் சரியில்லை என்றார். சேயோனை முன்னால் துணியில் கட்டிக்கொண்டு, கன்னைக் கட்டைப்பையில் போட்டு, பஸ். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்தவர் பையைப் பார்க்கும்போதெல்லாம் நான் பேட்டரி கழற்றியிருக்கிறேனா என்று தொட்டுப் பார்த்தேன்.

கடையில் இர்ஷாத் என்று சட்டையில் பெயர் தைத்த பையன்தான் பார்த்தான். பையன் என்று எழுதுகிறேன், என்னைவிட இரண்டு வயது மூத்தவனாகக்கூட இருக்கலாம். முழுக்கப் பிரித்தான். ஆணியைத் தள்ளுகிற தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, நுனியை நகத்தால் தடவினான். "புதுசாட்டம் இருக்குக்கா." மாட்டி, ஒரு கட்டையில் வரிசையாக அடித்தான். எல்லாம் இறங்கின.

"மெஷின்ல ஒண்ணுமே இல்லக்கா. யாரு அடிக்கிறாங்க வீட்ல?"

"எங்க வீட்டுக்காரர். பன்னெண்டு வருஷத் தொழில்."

"அப்ப தெரியாம இருக்காது." கொஞ்சம் தயங்கினான். "இது பாருங்க, அடிக்கிறப்ப பின்னால எத்தும். இறுக்கிப் புடிச்சாத்தான் முழுசா இறங்கும். லூசா புடிச்சா பாதி நிக்கும். எத்திட்டு மறுபடி மூக்கு பட்டா ரெண்டாவது ஆணியும் போயிடும். நீங்க சொன்ன அத்தனையும் அதுதான். மெஷினுக்கு மருந்து இல்ல, கைக்குத்தான்." சிரித்தான். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "என்ன சொன்னான்?" என்றார்.

"உள்ள ஒரு தகடு தேஞ்சிருந்துச்சாம். மாத்திட்டாங்க."

அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டும். "நான் சொன்னனா இல்லியா?" என்று பொங்கியண்ணனிடம் போய் நின்றார்.

இர்ஷாத் சொன்னதைச் சொல்லவில்லை. பஸ் அலைச்சலில் மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 13, புதன்

தலை இன்னும் நிற்கிறதாம். புதுத் தகடு பழக வேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. அவருடைய சிநேகிதர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். கிளம்பும்போது சட்டையைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, "பட்டன் போட்டுவிடு" என்றார். கல்யாணமான புதிதில் இப்படிச் செய்வார். கழுத்திலிருந்து கீழே வரைக்கும் ஒவ்வொன்றாகப் போட்டேன். அவர் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கொஞ்ச நாளாக அவர் வெறும் டீ-ஷர்ட்தான் போடுகிறார் என்பதே அப்போதுதான் உறைத்தது.

விருந்தில் அவருடைய சித்தி, "ஏண்டா நந்து, பையன அவளே சொமந்துட்டுத் திரியறா, சித்தெ வாங்குனா என்ன கொறஞ்சா போயிருவே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"அவன் அம்மா கோண்டுங் சித்தி. எங்கிட்ட வரமாட்டான்" என்றார்.

சேயோன் அப்போது அவர் தோளைப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருந்தான். எத்தனை நாளாக இப்படி? போன மாதம் முழுக்க அவர் இவனைத் தூக்கி நான் பார்க்கவில்லை. மடியில் விட்டால் வைத்துக்கொள்கிறார். தூக்குவதில்லை. என் பயம்தான் அவரையும் விரட்டிவிட்டதா? தூக்கும்போதெல்லாம் 'தலை, தலை, தலையைப் புடிங்க' என்று நான் கத்தியது கொஞ்சமா?

இதை எழுதியும் மனம் ஆறவில்லை. நோட்டு பார்த்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கன் சரியாகிவிட்டது! காலையிலிருந்து டப் டப் டப் என்று ஒரே சீராகச் சத்தம். ஒரு குறையும் சொல்லவில்லை. மத்தியானம் வெளியே வந்து, "புதுத் தகடு பழகிருச்சு" என்றார். வெள்ளிக்கிழமை பெட்டிகள் எல்லாம் கொச்சி போகும் லாரியில் ஏற வேண்டும். ஏறிவிடும் போல இருக்கிறது.

புதுத் தகடு என்று ஒன்று கிடையாது. ஆனாலும் சரியாகிவிட்டது. சில சமயம் நம்பிக்கையே பாதி மருந்து. நான் ஏன் இதைத் தோண்ட வேண்டும்?

மத்தியானம் சேயோன் கூடவே படுத்துத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்றைக்கு எழுத்து கோணலாகப் போனால் போகட்டும்.

காலையில் துணி காயப்போடும்போது காதில் அந்தச் சத்தம் விழுந்துகொண்டே இருந்தது. வெகு வேகம். மூக்கை வைத்து, அழுத்தி, அடித்து, எடுத்து, நகர்த்தி வைக்க ஒரு நேரம் வேண்டுமே. அந்த இடைவெளி இல்லை. கிளிப்பை வாயில் வைத்தபடியே ஷெட்டுக்குப் போனேன். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். கன் பலகைமேல் சாய்த்து வைத்திருந்தது, பேட்டரியோடு.

மூக்கு உள்ளே தள்ளியிருந்தது. தள்ளி, கட்டுக்கம்பியால் உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தது.

அதாவது அழுத்தவே வேண்டாம். எதன்மேலும் வைக்க வேண்டாம். விசையைத் தொட்டால் இரண்டு அங்குல ஆணி போய்க்கொண்டே இருக்கும். காற்றில், கதவில், தொடையில், தவழ்ந்து வருகிறவன் தலையில்.

திரும்பினேன். சேயோன் ஷெட் வாசற்படியில் கைவைத்து எழுந்து நின்றுகொண்டிருந்தான். பாயில் விட்டுவிட்டுத்தானே துணி காயப்போட வந்தேன். அங்கிருந்து பலகை எட்டிப்பிடிக்கும் தூரம்.

பேட்டரியைப் பிடுங்கினேன். அவனைத் தூக்கினேன். பிறகுதான் என் வாயில் இன்னும் கிளிப் இருப்பது தெரிந்தது.

மரத்தூள் அள்ளிக்கொண்டிருந்த பொங்கியண்ணன்மேல் பாய்ந்தேன். "ஏனுங்கண்ணா, இதுக்குக் கம்பி கட்டுனது யாரு? வேகமா முடியோணும்னு கட்டுனீங்களா? கொழந்த இருக்கற வீடுங்க இது!"

"நான் கட்டுலீங் அம்மணி."

"பின்ன காத்து வந்து கட்டுச்சா?"

அவர் தூள் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வந்து, "நான் கட்டுலீங்" என்று மறுபடியும் அதையே சொன்னார்.

கம்பியைப் பிரித்தேன். கொறடு தேவைப்படவில்லை. விரலாலேயே பிரிந்தது. ஒரு முறுக்குக்கூட இறுகவில்லை, சின்னப் பிள்ளை பூத்தொடுத்த மாதிரி லொடலொட என்று சுற்றியிருந்தது. இந்த ஷெட்டில் கட்டுகிற கட்டெல்லாம் எனக்குத் தெரியும். பொங்கியண்ணன் கட்டினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் கட்டினாலும் அப்படித்தான்.

கம்பியைக் குப்பையில் போட்டேன். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஏதோ அவசரத்தில் கட்டியிருப்பார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலை பத்து மணிக்கு மறுபடி அந்தச் சத்தம். போய்ப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் போனேன். சேயோனை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

அவர் கன்னைக் கீழே வைத்த நொடியில் பேட்டரியைக் கழற்றி நைட்டிப் பையில் போட்டேன்.

"ஏய், என்ன பண்றே?"

"இவனப் புடிங்க" என்று நீட்டினேன்.

"கையெல்லாம் தூளு."

"இருந்துட்டுப் போகுது. புடிங்க."

"நாளைக்கு லாரி வருது பிருந்தா. வெளையாடற நேரமா இது?"

"ஒரு நிமிசம் புடிங்க. என்ற தலை அவுந்து கெடக்குது, முடிஞ்சுக்கறேன்."

சேயோன் இரண்டு கையையும் விரித்து அப்பாவைப் பார்த்துத் தாவினான். அவர் பின்னால் நகர்ந்தார். நான் முன்னால் போனேன். அவர் இன்னும் நகர்ந்து, அடுக்கின பெட்டியில் முதுகு இடித்து நின்றார். பொங்கியண்ணன் சுத்தியலை வைத்துவிட்டு, "வெத்தல வாங்கிட்டு வந்தர்றேன்" என்று வெளியே போனார். அவர் வெற்றிலை போடுவதில்லை.

"புடிக்க முடியாது" என்றார் அவர்.

"ஏன்?"

"கை புடிக்க மாட்டேங்குது பிருந்தா."

வலதுகையை என் முன்னால் நீட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்க வேண்டிய இடம் பள்ளமாகக் கிடந்தது. சிலாம்பு தேடினேனே, விளக்கடியில், இதே கையைப் பிடித்துக்கொண்டு. விரலை மட்டும் பார்த்தேன். அல்லது விரலை மட்டும் பார்க்கத் தீர்மானித்தேன்.

சித்திரையிலேயே ஆரம்பித்ததாம். முதலில் மரத்துப்போகும், உதறினால் சரியாகும். பிறகு உதறினாலும் சரியாகவில்லை. டம்ளர் நழுவும். பைக் பிரேக் பிடிக்கப் பயம். ஆனியில் ஒரு நாள் சேயோனைக் குளிக்க வைத்துத் துவட்டித் தூக்கியிருக்கிறார். விரல் விட்டுவிட்டது.

"கட்டில்மேலதான் உழுந்தான்" என்றார் அவசரமாக. "மெத்தைல. அழுகக்கூட இல்ல. சிரிச்சான். நான்தான் அங்கயே ஒக்காந்துட்டேன்."

"நான் எங்க இருந்தேன்?"

"தூங்கிட்டு இருந்தே. அவன் பொறந்ததுல இருந்து அன்னிக்குத்தான் நீ அசந்து தூங்குனே."

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம் வந்தது. எத்தனை ராத்திரி அவன் மூக்கடியில் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிஜமாக விழுந்த அன்றைக்குத் தூங்கியிருக்கிறேன். யாரும் எழுப்பவில்லை.

"எங்கிட்டச் சொல்ல வேண்டாமா?"

"சொன்னா என்ன பண்ணீருப்பே?"

"பயந்திருப்பேன்!"

"அதுக்குத்தான் சொல்லுல."

"பயந்திருந்தா இந்தக் கம்பியக் கட்ட உட்டிருப்பனா?" என்று கத்தினேன். "ஊர்ல இருக்கற வேண்டாத பயமெல்லாம் என் தலைல. பயப்பட வேண்டிய ஒண்ணே ஒண்ண மட்டும் எனக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சீங்களே!"

சேயோன் அழ ஆரம்பித்தான். அவர் தரையில் உட்கார்ந்தார். மரத்தூளில் அப்படியே சம்மணம் போட்டு, மடியைத் தட்டினார். நான் அவனை அந்த மடியில் விட்டேன். அவர் வலதுகையால் பிடிக்காமல் இடதுகையை அவன் வயிற்றைச் சுற்றிப் போட்டு அணைத்துக்கொண்டார்.

"அழுத்துனாத்தான அடிக்கும்" என்றார். "எனக்கு அழுத்த வரல. அதான் கட்டுனேன். பாதி பாதியா நின்னு, பொங்கியண்ணன் பின்னாலயே அடிச்சுட்டு வர்றது... பாக்க முடியல பிருந்தா."

"காட்டூர்ல தகடு எதும் மாத்துல" என்றேன் நான்.

"தெரியும்" என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மிச்சப் பெட்டிகளை நான் அடித்தேன். கண்ணாடி போட்டு, நைட்டிமேல் அவருடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு. அவர் கூடத்தில் பாயில் உட்கார்ந்து சேயோனைப் பார்த்துக்கொண்டார். எங்கே அடிக்க வேண்டும் என்று பென்சிலால் முன்பே இடதுகையால் புள்ளி வைத்துக் கொடுத்திருந்தார். கோணல் புள்ளிகள்.

ஐந்தாவது பெட்டியில் என் கையும் தளர்ந்தது. ஒரு ஆணி பாதி நின்றது.

"நான் பாத்துக்கறேனுங் அம்மணி" என்றார் பொங்கியண்ணன்.

புதன்கிழமை கத்தியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, என்ற சம்சாரம் திட்டாத திட்டா?" என்றார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "தம்பி சத்தியம் வாங்கிட்டாப்ல. ஆனா நேத்து நீங்க வரலீனா இன்னிக்கு நானே சொல்லீருப்பனுங்." நிஜமா என்று தெரியாது. நம்பிக்கொண்டேன்.

லாரி ஆறரைக்குப் போனது.

ஆகஸ்ட் 25, திங்கள்

பீளமேட்டில் ஒரு ஆஸ்பத்திரி. முழங்கையிலும் மணிக்கட்டிலும் வயர் ஒட்டி, சின்ன சின்னதாக ஷாக் கொடுத்து நரம்பைச் சோதித்தார்கள். ஒவ்வொரு ஷாக்குக்கும் சேயோன் சிரித்தான், அப்பா விளையாட்டுக் காட்டுகிறார் என்று.

பிறகு டாக்டர் அவரைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் பிடிக்கச் சொன்னார். "நல்லா இறுக்கிப் புடிங்க. விடக்கூடாது." என் பக்கம் திரும்பி, "நீங்க உங்க விரல விட்டு இழுத்துப் பிரிங்கம்மா" என்றார்.

ஏன் என்னைச் சொன்னார் என்று தெரியவில்லை. வளையத்துக்குள் விரலை விட்டேன். அவர் நெற்றி நரம்பு புடைத்தது. பிரியக் கூடாது என்றே மெதுவாக இழுத்தேன்.

பிரிந்துவிட்டது.

"நீ நல்லா இழு" என்றார் அவர், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நான் இழுக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுபடி பிடித்தார். இந்தத் தடவை நிஜமாக இழுத்தேன். பட்டென்று வந்தது. "பிடிமானமே இல்லைங்க டாக்டர்" என்று நானே சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். இந்தக் கன்னால் மட்டும் வந்தது இல்லையாம், வருஷக்கணக்கில் அடித்த அடி. சதுர்த்தி முடிந்து வியாழக்கிழமை சின்ன ஆபரேஷன், சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடலாம். மரமரப்பு அநேகமாகப் போய்விடும். பலம் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, சதை வற்றின பிறகு வந்திருக்கிறீர்கள் என்றார் டாக்டர்.

திரும்பி வர பஸ். சேயோன் என் தோளில் தூங்கிவிட்டான். சின்னியம்பாளையம் வரைக்கும் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு அப்படியே, திரும்பாமல் கேட்டார்.

"ஆபரேசன் பண்ணியும் வரலீனா?"

ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாய் வந்தது. பத்து மாதமாக எல்லாரும் எனக்குச் சொல்வது அதுதான். அதைக் கேட்டு நான் ஒரு நாளும் தூங்கினதில்லை.

"வராமயும் போலாமுங்க" என்றேன். "வரலீனா என்ன பண்றதுன்னு இப்பவே பேசிக்கலாம்."

திரும்பி என்னைப் பார்த்தார். சித்திரையிலிருந்து சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வந்தது. தொழிலை விட்டால் தனக்கு வேறென்ன தெரியும் என்றார். நீயே எத்தனை நாள் கன் பிடிப்பாய் என்றார். ராத்திரியில் கை மரத்து விழித்துக்கொண்டால், பக்கத்தில் நீயும் விழித்திருப்பது தெரியும், பேசப் பயந்து கண்ணை மூடிக்கொள்வேன் என்றார். இவன் ஓடுகிற வயதில் பின்னால் ஓடிப் பிடித்தால் கை நிற்குமா என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது என்று சொன்னேன். சிலதுக்கு இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தோம். ஆணி அடிக்க ஒரு ஆளைப் போட்டு அவர் அளவும் அறுப்பும் பார்க்கலாம் என்பது ஒன்று. மறுபடி கம்ப்ரஸரை எடுக்கலாம், சேயோன் அந்தச் சத்தத்துக்குப் பழகிக்கொள்ளட்டும் என்பது இன்னொன்று. அதை நான்தான் சொன்னேன்.

நீலாம்பூர் வந்தது. பஸ் நின்றது. எங்கள் வீட்டுத் திருப்பம் ஜன்னலில் தெரிந்தது. அவர் பேசிக்கொண்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பியது.

கண்டக்டர் வந்து, "ஏனுங்க, நீலாம்பூர்தான கேட்டீங்க? தாண்டியாச்சே" என்றார்.

"தெரியுமுங்" என்றார் அவர். "அப்படியே அரசூர் வரைக்கும் ரெண்டு குடுங்க."